தி கிரவுட் (1928): ஜான் சிம்ஸ் தோற்றது விளம்பரத்திலா, விளம்பரத்தாலா?

மௌனவிரதம்

ஹாலிவுட் இயக்குநர் கிங் விடோரின் மௌனப்படம் ‘தி கிரவுட்’ (கூட்டம்) பற்றி எங்கே பேச்சு வந்தாலும் “நகரத்தைப் பற்றிய படம், கூட்டத்தில் தொலைந்தவனின் கதை” என்று இரண்டு வரியில் ஆளை அனுப்பிவிடுகிறார்கள். தலைப்பே அப்படி இருப்பதால் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கதை திரும்புகிற இடங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். எல்லா மூட்டிலும் ஒரு விளம்பரம் உட்கார்ந்திருக்கும்.

நாயகன் ஜான் பிறப்பது 1900 ஜூலை 4. உலகமே இவனைப் பற்றிக் கேள்விப்படப்போகிறது என்று அப்பா பெருமைப்படுகிறார். 12 வயதில் அப்பா சாகிறார், 21 வயதில் ஜான் நியூயார்க் வருகிறான். பின்னாளில் மனைவியாகும் மேரியைச் சந்திக்கும் அன்று இரட்டை அடுக்குப் பேருந்தின் மேல்தளத்திலிருந்து நடைபாதையைப் பார்க்கிறான். கோமாளி வேடத்தில் ஒருவன், உடம்பில் விளம்பரப் பலகையை மாட்டிக்கொண்டு பந்து வீசிப் பிடித்தபடி போகிறான். இவன் ஜனாதிபதி ஆவான் என்று இவன் அப்பா நினைத்திருப்பார், பாவம் என்று ஜான் சிரிக்கிறான். இது முதலாவது.

இரண்டாவது, அன்றிரவு கோனி தீவிலிருந்து திரும்பும் சுரங்க ரயில். பெட்டிக்குள் ஒரு மரச்சாமான் கடை விளம்பரம்: பெண்ணை நீ கொண்டு வா, வீட்டை நாங்கள் நிரப்பித் தருகிறோம் என்ற பொருளில். அதைப் படித்துவிட்டுத்தான் ஜான் மேரியிடம் கல்யாணப் பேச்சை எடுக்கிறான். விளம்பர வாசகம் எழுதிப் பெரிய ஆளாகப்போகிறவன், தன் வாழ்க்கையின் முதல் பெரிய முடிவை இன்னொருவன் எழுதிய வாசகத்தைப் பார்த்து எடுக்கிறான்!

மூன்றாவது, போட்டி. ஜான் வாசகங்களை யோசிப்பதோடு சரி, தபாலில் போடுகிற பழக்கம் இல்லை. மேரி நச்சரித்த பிறகுதான் ஒன்றை அனுப்புகிறான். துப்புரவுப் பொருள் ஒன்றுக்கு ‘ஸ்லைட் ஓ ஹேண்ட், தி மேஜிக் கிளீனர்’. தமிழில் கைவித்தை, மாயத் துப்புரவு என்று வைத்துக்கொள்ளலாம். 500 டாலர் பரிசு. அந்தப் பணத்தில் வாங்கிய சாமான்களை ஜன்னலிலிருந்து காட்டித் தெருவுக்கு அப்பால் நிற்கும் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். ஓடி வரும் மகள் லாரியில் அடிபடுகிறாள்.

நான்காவது, அவனே அந்தக் கோமாளி வேடத்தில். ஐந்தாவது, கடைசிக் காட்சியில் நாடக அரங்கின் நிகழ்ச்சித் தாளில் அச்சாகியிருக்கும் அவனுடைய வாசகம்.

என் கேள்வி இதுதான். விளம்பரத்தில் இவ்வளவு ஆசை உள்ளவனை விடோர் ஏன் காப்பீட்டு அலுவலகத்தில் 137ஆம் எண் மேசையில் உட்காரவைத்தார்? விளம்பர நிறுவனத்திலேயே ஒரு குமாஸ்தாவாக வைத்திருக்கலாமே?

கூப்பன்காரன்

வைத்திருந்தால் கதை கெட்டிருக்கும். விளம்பர நிறுவனத்துக்குள் ஒரு வாரம் இருந்திருந்தால் ஜானுக்குத் தெளிந்திருக்கும், வாசகம் எழுதுவது அந்தத் தொழிலின் ஒரு துணுக்குதான் என்று.

1920களில் அமெரிக்க விளம்பர ஏஜென்சிக்கு வருமானம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பத்திரிகையில் வாங்கித் தரும் இடத்துக்கு 15 சதவீதம் கமிஷன். ஒரு பக்கத்தின் விலை 2,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஏஜென்சிக்கு 300. அந்த 300க்குள்தான் எழுதுகிறவன், படம் வரைகிறவன், கணக்குப்பிள்ளை எல்லோருக்கும் சம்பளம். ‘நல்ல வரி’ ஒன்றுக்குத் தனியாக யாரும் காசு கொடுப்பதில்லை. இடம் விற்றால்தான் பணம்.

எழுத்தாளர்களிடமும் வரியின் அழகை யாரும் எதிர்பார்க்கவில்லை. விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923இலேயே விளம்பரத்தை அறிவியல் என்று புத்தகம் போட்டுவிட்டார். அவர் முறை நேரடியானது. விளம்பரத்தின் மூலையில் ஒரு கூப்பன். அதில் அனுப்ப வேண்டிய முகவரியோடு ஒரு சிறிய குறியீடு, துறை எண் மாதிரி. ஒரே பொருளுக்கு இரண்டு தலைப்புகள் எழுதி, இரண்டு குறியீடு போட்டு வெளியிடுவார்கள். எந்தக் குறியீட்டுக்கு அதிகக் கூப்பன் திரும்பி வருகிறதோ அது நிற்கும், மற்றது குப்பைக்கூடைக்கு. இன்னொரு விளம்பர எழுத்தாளர் ஜான் கேப்பிள்ஸ் 1926இல் தபால்வழி இசைப்பள்ளி ஒன்றுக்கு எழுதிய ‘பியானோ முன் உட்கார்ந்தபோது சிரித்தார்கள்’ விளம்பரம் அந்த வம்சம்தான். தலைப்பைத்தான் எல்லோருக்கும் தெரியும். அதன் கீழே பொடி எழுத்தில் நீளமாக ஒரு கதை, கடைசியில் கூப்பன். உழைப்பு அந்தப் பொடி எழுத்தில் இருக்கிறது.

நம் ஜான் சிம்ஸுக்குத் தெரிந்தது மேலே உள்ள ஒரு வரி மட்டும். காப்பீட்டு அலுவலகத்தில் இருந்துகொண்டு பார்க்கிறவனுக்கு விளம்பரம் என்றால் அதுதான். விடோர் சரியான நாற்காலியில்தான் உட்காரவைத்திருக்கிறார்.

புதுரசிகை

அப்போ அந்தப் போட்டி? கம்பெனிக்காரனே 500 டாலர் கொடுத்து வாசகம் வாங்குறானே. ஜெயிச்சவனைக் கூப்பிட்டு வேலை கொடுக்க மாட்டாங்களா?

கூப்பன்காரன்

மாட்டார்கள், அம்மா. போட்டி நடத்துகிறவனுக்கு வாசகம் உபரிதான். அவனுக்கு வேண்டியது வேறு மூன்று:

1. போட்டியை அறிவிக்கும் விளம்பரமே பொருளின் பெயரை ஊரெல்லாம் கொண்டுபோகும். அதை ஒரு தடவை படித்துவிட்டு விடமாட்டார்கள். வாசகம் யோசிக்கிறவன் நாள் முழுக்க அந்தப் பெயரையே முணுமுணுப்பான்.
2. பல போட்டிகளில் டப்பாவின் மூடியையோ சீட்டையோ சேர்த்து அனுப்பச் சொல்வார்கள். அனுப்ப வேண்டுமானால் வாங்க வேண்டும்.
3. வந்த கடிதங்களில் உள்ள பெயரும் முகவரியும்.

வந்த வாசகங்கள் எல்லாம் நிறுவனத்தின் சொத்து என்று விதியில் ஒரு வரி இருக்கும். தோற்றவன் எழுதியதையும் சேர்த்துத்தான். 500 டாலர் அன்றைக்குச் சின்னத் தொகையும் இல்லை. 1927 டிசம்பரில் வந்த ஃபோர்டு மாடல் ஏ காரில் இரண்டு கதவு வைத்த டியூடர் வகை 495 டாலர். ஒரு காரின் விலைக்கு ஒரு நாடே உட்கார்ந்து உங்கள் பொருளைப் பற்றி யோசிக்கிறது என்றால் எவ்வளவு மலிவு!

துப்புரவுப் பொருளைத் தேர்ந்தெடுத்ததும் ரொம்பச் சரி. அன்று கடுமையான போட்டி இருந்த சரக்கு அது. ‘பான் அமி’ கோழிக்குஞ்சைப் போட்டு ‘இன்னும் கீறவில்லை’ என்றது. ‘ஓல்ட் டச்’ கையில் தடியோடு அழுக்கைத் துரத்தும் பெண்ணைப் போட்டது. எல்லாப் பொடியும் ஏறக்குறைய ஒரே வேலை செய்யும். அதனால் பெயரும் வாசகமும்தான் வித்தியாசம். ஜானைப் போன்றவனுக்குக் கதவு திறக்கக்கூடிய ஒரே சந்து அது. திறந்த உடனே மூடிக்கொள்ளவும் செய்யும்.

ஐந்து வருஷத்தில் அலுவலகத்தில் அவனுக்குக் கிடைத்த சம்பள உயர்வு 8 டாலர். ஒரே வரிக்கு 500. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவனுக்கும் தலை சுற்றும்.

மௌனவிரதம்

‘கைவித்தை’ என்ற சொல்லையும் விடாதீர்கள். வாசகம் கைவித்தை. கடைசியில் கிடைக்கும் வேலையும் கைவித்தை, பந்து வீசிப் பிடிக்கத் தெரியும் என்பதால் கிடைப்பது. தாளில் எழுதியபோது 500 டாலர் தந்த அதே சங்கதி உடம்பால் செய்யும்போது அன்றாடக் கூலி.

லென்ஸ்மூடி

தத்துவம் போதும்யா, அலுவலக ஷாட்டுக்கு வாங்க. இத்தனை பதிவு போயும் யாரும் அதைத் தொடலை.

தெரியாதவங்களுக்கு: நியூயார்க் தெருவிலிருந்து கேமரா ஒரு வானளாவிக் கட்டடத்தின் மேலே ஏறுது, மாடி மாடியா. ஒரு ஜன்னல் பக்கம் சாயுது, உள்ளே நுழையுது. உள்ளே நூற்றுக்கணக்கான மேசை, எல்லாம் ஒரே மாதிரி. அதுக்கு மேலே மிதந்து போய் ஒரு மேசையில இறங்குது. எண் 137, ஜான். மேசைக்காரன் யாருன்னு தெரியறதுக்கு முன்னாடி அவன் எவ்வளவு சின்னவன்னு தெரிஞ்சுடுது.

1927இல் இதை எப்படி எடுக்க முடியும்? பெரிய கேமரா கிரேன் யுனிவர்சல்ல ‘பிராட்வே’ படத்துக்காகக் கட்டினது, அது 1929. அதுக்கு முன்னாடி கேமராவை மேலே தூக்கறதுன்னா லிஃப்ட், சாரம், கயிறு. ஆடாம இருபது மாடி ஏறவே முடியாது.

விடோர் பண்ணினது: கட்டடத்தின் கீழ்ப்பகுதி நிஜம். மேலே போற பகுதிக்குச் சின்னதா ஒரு மாதிரிக் கட்டடம் (மினியேச்சர்) செஞ்சு அதை ஸ்டூடியோத் தரையில படுக்க வெச்சுட்டாங்க. கேமரா அதுக்கு மேலே கிடைமட்டமா உருளுது. படத்துல பார்த்தா ஏறற மாதிரி இருக்கும். புவியீர்ப்பு நம்ம பக்கம், ஆட்டம் கிடையாது, வேகம் சீரா இருக்கும். ஜன்னலை நெருங்கினதும் உள் அரங்குக்கு டிசால்வ், அதாவது ஒரு படம் மங்க மங்க அடுத்தது அது மேலயே தெளியறது. உள்ளே ஒரு முழு ஸ்டேஜ் நிறைய மேசை, தலைக்கு மேலே கம்பியில ஓடற டிராலி, அதுல தொங்கற பலகையில கேமரா. அதுதான் இறங்கி ஜான்கிட்ட போகுது.

நீங்களே செஞ்சு பார்க்கணும்னா கணக்கு இது. அளவு 1:24ன்னு எடுத்துக்குங்க, அதாவது நிஜத்துல 2 அடி இங்கே 1 அங்குலம். 20 மாடி, மாடிக்கு 12 அடின்னா 240 அடி உயரம், மாதிரிக் கட்டடம் 10 அடி. 12 விநாடியில ஏறணும்னா டிராலி விநாடிக்கு 10 அங்குலம் போகணும். கேட்க மெதுவாத் தெரியும், ஆனா கையால தள்ளினா ஒவ்வொரு தயக்கமும் 24 மடங்கு பெரிசாத் தெரியும். 1 அங்குல உதறல் திரையில 2 அடி உதறல். அதனால கயிறும் உருளையும் வெச்சு இழுங்க, தள்ளாதீங்க.

வெளிச்சம்தான் பலபேர் கோட்டை விடற இடம். கட்டடம் படுத்திருக்கு, ஆனா சூரியன் அதன் மொட்டைமாடிப் பக்கத்திலிருந்துதான் வரணும். ஸ்டூடியோ வழக்கப்படி கூரையிலிருந்து விளக்கு போட்டா வெயில் நேரா சுவர்முகத்துல அடிக்கற மாதிரி ஆகி ஜன்னல் விளிம்புகளோட நிழல் காணாமப் போயிடும். உயரமும் போயிடும். விளக்கைத் தரையோட தாழ்த்தி, மொட்டைமாடிப் பக்கம் கொஞ்சம் தள்ளி, சாய்வா அடிக்கணும்.

அடுத்தது போக்கஸ். மாதிரிக்குப் பக்கத்துல லென்ஸ் போகப் போக தெளிவு ஆழம் சுருங்கிடும். முன்னாடி இருக்கற விளிம்பு தெளிவா, பின்னாடி ஜன்னல் கலங்கி இருந்தா கண்ணு உடனே ‘பொம்மை’ன்னு சொல்லிடும். லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி, எஃப் 4ல எடுக்கறதை எஃப் 11க்குக் கொண்டுபோகணும். மூணு ஸ்டாப், ஒவ்வொண்ணும் வெளிச்சத்தைப் பாதியாக்கும், அதனால எட்டு மடங்கு வெளிச்சம் வேணும்.

ஒரு நல்ல விஷயம். மாதிரியில தண்ணி, புகை, துணின்னு அசையற பொருள் எதுவும் இல்லை. அதனால அசைவை மெதுவாக்கிக் காட்டற வேகப் படப்பிடிப்பு தேவையில்லை. மாதிரிகளைக் காட்டிக்கொடுக்கறது பெரும்பாலும் தண்ணியும் நெருப்பும்தான். கல்லுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது.

நெகட்டிவ்

ஒரு சேர்க்கை. மாதிரிக் கட்டடத்தின் ஜன்னலில் உள் அரங்கின் பெரிதாக்கிய நிழற்படம் ஒன்றை வைத்ததாக விடோர் தன் நினைவுநூலில் சொல்கிறார். இது இல்லாவிட்டால் ஷாட்டே நிற்காது. டிசால்வ் நடக்கும்போது இரண்டு படமும் ஒரே நேரத்தில் திரையில் இருக்கின்றன. போகிற படத்தில் ஜன்னல் கறுப்பாகவும் வருகிற படத்தில் மேசைகளும் இருந்தால் ‘வெட்டு’ தெரியும். போகிற படத்திலேயே மேசைகள் தெரிந்தால் கண் அதைத் தொடர்ந்துகொண்டே உள்ளே போய்விடும். நிழற்படத்தின் பார்வைக் கோணமும் டிராலியின் முதல் பிரேமின் கோணமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே உள் அரங்கை முதலில் கட்டி, கேமரா தொடங்கப்போகும் அதே புள்ளியிலிருந்து நிழற்படம் எடுத்து, அதைக் கொண்டுபோய் ஜன்னலில் ஒட்டுவதே சரியான வரிசை. தலைகீழாகச் செய்தால் ஒட்டாது.

டிசால்வ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் அதைப் பெரும்பாலும் கேமராவுக்குள்ளேயே செய்தார்கள். ஷட்டரை 40, 48 பிரேமில் மெல்ல மூடு. லென்ஸை மூடி வைத்து அதே எண்ணிக்கை பின்னால் சுற்று. அடுத்த ஷாட்டில் அதே எண்ணிக்கையில் திற. எண்ணிக்கை நான்கைந்து பிரேம் பிசகினால் நடுவில் படம் ஒரு நொடி இருட்டும், அல்லது பளிச்சென்று வெளுக்கும். இரண்டாவது ஷாட் சொதப்பினால் முதல் ஷாட்டும் போச்சு, ஏனென்றால் இரண்டும் ஒரே நெகட்டிவில். அதனால் கெட்டிக்காரர்கள் முதல் பாதியை நாலைந்து முறை தனித்தனிச் சுருளில் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

புதுரசிகை

லென்ஸ்மூடி அண்ணா, இது ‘தி அப்பார்ட்மென்ட்’ல வர்ற அலுவலகம் மாதிரியே இருக்கே?

லென்ஸ்மூடி

அது இதைப் பார்த்து வந்ததுதான். பில்லி வைல்டர் படம், 1960. ஆனா வழி வேற. அங்கே கலை இயக்குநர் அலெக்சாண்டர் டிரௌனர் பின்னாடி போகப் போக மேசைகளைச் சின்னதாக்கிட்டார். பின்வரிசையில உட்கார வெச்ச ஆட்களும் குள்ளமானவங்க. அதனால அங்கே கேமரா ஓரிடத்துல நின்னுதான் ஆகணும். பக்கவாட்டுல நாலடி நகர்ந்தா குட்டு வெளிப்பட்டுடும். விடோர் கேமராவை நகர்த்தணும்னு முடிவு பண்ணினதால மேசைகளை நிஜ அளவுல போட்டுத்தான் ஆகணும். எது நகருதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க, செட்டு அப்புறம்.

‘தி கிரவுட்’லயும் இந்தப் பொய்க்கோணம், அதாவது தூரத்தை அதிகமாக் காட்டற செட்டு, உண்டு. அப்பா செத்த செய்தி வர்றப்ப சின்னப்பையன் மாடிப்படி ஏறி வர்ற காட்சி. கேமரா மேலே, அசையாது. சுவர்கள் கீழே போகப் போக நெருங்கற மாதிரி கட்டினது. வாசல்ல கூட்டம், பையன் தனியா ஏறி வர்றான். ‘கூட்டம்’ங்கற சங்கதி அங்கேயே ஆரம்பிச்சாச்சு.

நெகட்டிவ்

தெருக் காட்சிகளையும் சொல்லுங்கள். நியூயார்க்கில் மறைகேமராவால் எடுத்தவை. தள்ளுவண்டியில் பெட்டிகளை அடுக்கி, உள்ளே கேமராவும் ஆளும், லென்ஸுக்கு ஒரு ஓட்டை. வெளியே பார்த்தால் சரக்கு இறக்கப் போகிற வண்டி. துணைநடிகர்களுக்குச் சம்பளம் கொடுத்து நூறு பேரை நடக்கவிட்டால் எல்லோரும் ஒரே தாளத்தில் நடப்பார்கள், அது ஒன்றே போதும் காட்டிக்கொடுக்க.

பெட்டிக்குள் உட்கார்ந்து போக்கஸ் திருத்திக்கொண்டிருக்க முடியாது. 2 அங்குல லென்ஸ், எஃப் 8, போக்கஸை 20 அடியில் பூட்டிவிட்டால் ஏறக்குறைய 10 அடியிலிருந்து அடிவானம் வரை தெளிவாக விழும். நடிகர் 10 அடிக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். வெயில் மறைந்தால் இந்தக் கணக்கு கவிழும். உயரக் கட்டடங்களுக்கு நடுவே வெயில் தெருவில் விழும் நேரமே கொஞ்சம்தான்.

நாற்காலி_137

எல்லாம் சரி. முடிவைப் பற்றி யாராவது பேசுங்கள். இணையத்தில் பாதிப்பேர் அதை ‘சுபம்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கொதிக்கிறது.

மகள் செத்தபின் ஜானுக்குக் கணக்கேட்டில் எண்கள் எண்களாக இல்லை, தலைக்கு மேலே மிதக்கின்றன. வேலையை விடுகிறான். தூசி உறிஞ்சும் கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைகிறான். மைத்துனர்கள் இரக்கப்பட்டுத் தரும் வேலையை மறுக்கிறான். மேரி அறைகிறாள். ரயில் பாலத்தில் சாகப் போகிறான், முடியவில்லை. பின்னாலேயே வந்த மகன் சொல்கிறான், பெரியவன் ஆனதும் உன்னை மாதிரியே ஆகணும் என்று. உடனே வேலை தேடி ஓடுகிறான். கிடைப்பது எது? பேருந்தின் மேலிருந்து எந்த வேலையைப் பார்த்துச் சிரித்தானோ அது. அந்தக் காசில் அரங்குக்குச் சீட்டு. மூவரும் கோமாளிகளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கேமரா பின்னால் போகிறது, போகிறது, ஒரே மாதிரி குலுங்கிச் சிரிக்கும் வரிசைகள், ஜான் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

இதில் சுபம் எங்கே? அலுவலக ஷாட்டில் கேமரா கூட்டத்திலிருந்து அவனைப் பொறுக்கி எடுத்தது. இங்கே திருப்பிக் கொட்டிவிடுகிறது.

மௌனவிரதம்

கொட்டுவது உண்மை. ஆனால் அவனுக்கு ஒரு கூட்டாளி கிடைத்ததும் அதே ஷாட்டில்தானே? நிகழ்ச்சித் தாளில் தன் வாசகத்தைப் பார்த்ததும் பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டிப் பெருமைப்பட முடிகிறது. படம் முழுக்கக் கூட்டம் அவனுக்கு எதிரி. மகள் படுத்திருக்கும்போது தெருச் சத்தத்தைக் கையமர்த்தப் போய், உன் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று உலகம் நிற்காது என போலீஸ்காரர் விரட்டுகிறார். அந்தக் கூட்டம் முதன்முறையாக அவனோடு சேர்ந்து சிரிக்கிறது. அற்பம்தான். பொய் இல்லை.

கூப்பன்காரன்

தாளில் அவன் வாசகம் இருக்கிறது, அவன் பெயர் இல்லை. எந்த விளம்பரத்திலும் எழுதியவன் பெயர் இருக்காது. 500 டாலருக்கு அதையும் சேர்த்துத்தான் விற்றான். என் ஓட்டு நாற்காலி_137க்கு.

நெகட்டிவ்

முடிவு விஷயத்தில் படத்தைத் தயாரித்த எம்.ஜி.எம். ஸ்டூடியோ திணறியது பதிவான செய்தி. ஏழு முடிவுகள் எடுத்துப் பார்த்ததாக விடோர் சொல்லியிருக்கிறார். கடைசியில் திரையரங்குகளுக்கு இரண்டு முடிவுகள் போயின. ஒன்று இப்போது நாம் பார்ப்பது. இன்னொன்றில் ஜான் விளம்பரத் துறையில் நல்ல வேலையில் இருக்கிறான், வீட்டில் கிறிஸ்துமஸ் மரம், குடும்பம் சுற்றி நிற்கிறது. எதை ஓட்டுவது என்பது அரங்குக்காரர் விருப்பம். பணக்கார முடிவை ஏறக்குறைய யாரும் சீண்டவில்லை என்பது விடோரின் கணக்கு.

கூப்பன்காரர் சொன்னதை வைத்துப் பார்த்தால் அந்த இரண்டாவது முடிவு நாடகமாகவும் தப்பு, தொழிலாகவும் தப்பு. ஒற்றை வாசகத்துக்கு ஏஜென்சியில் நாற்காலி போடுகிற வழக்கமே கிடையாது.

இவ்வளவு தூரம் எம்.ஜி.எம். தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்க் விட்டுக்கொடுத்ததற்குக் காரணம் 1925இல் விடோரின் ‘தி பிக் பரேட்’ கொட்டிக்கொடுத்த பணம். ஸ்டூடியோ தலைவர் லூயி மேயருக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. ஜான்-மேரி குடியிருப்பின் கழிவறைப் பீங்கானைத் திரையில் காட்டியது வேறு பெரிய உறுத்தல். நியூயார்க் கேபிடல் அரங்கில் 1928 பிப்ரவரி 18 அன்று வெளியானது. முதலாவது அகாடமி விருதில் விடோர் நாடகப் பிரிவில் இயக்குநருக்கான பரிந்துரை பெற்றார், ஃபிராங்க் போர்சேகி வாங்கினார். ‘தனித்துவமான கலைப்படைப்பு’ விருதுக்கும் படம் பரிந்துரையானது. ‘சன்ரைஸ்’ படம் தட்டிக்கொண்டு போயிற்று. அதற்கு நான் சண்டை போடமாட்டேன்.

புதுரசிகை

ஜானாக நடித்தவர் பற்றிப் படித்தேன். அவரும் அப்படியே ஆகிவிட்டார் என்று…

மௌனவிரதம்

ஜேம்ஸ் மரே. துணைநடிகர்களில் ஒருவராக ஸ்டூடியோவைச் சுற்றிக்கொண்டிருந்தவரை விடோர் பார்த்துக் கூப்பிட்டார். நம்பாமல் அவர் வரவே இல்லை, தேடிப்பிடித்துக் கூட்டி வந்தார்கள். மேரியாக நடித்த எலினோர் போர்டுமேன் அப்போது விடோரின் மனைவி. பின்னாளில் மரே குடியில் விழுந்தார். விடோர் 1934இல் ‘அவர் டெய்லி பிரெட்’ எடுத்தார், அதிலும் நாயகன் நாயகி பெயர் ஜான் சிம்ஸ், மேரி சிம்ஸ்தான். அதில் நடிக்கக் கேட்டபோது மரே மறுத்தார். 1936இல் ஹட்சன் ஆற்றில் மூழ்கி இறந்தார். விடோரை அந்த மரணம் கடைசிவரை விடவில்லை. முதுமையில் அதைத் திரைக்கதையாக எழுதினார், படமாகவில்லை.

ஆனால் அவர் வாழ்க்கையைக் கொண்டுவந்து இந்தப் படத்துக்கு அர்த்தம் சொல்ல வேண்டாம் என்பேன். 1927இல் கேமரா முன் நின்றவருக்கு 1936 தெரியாது. அப்படிப் பார்த்தால் அவர் நடிப்பின் குறும்பெல்லாம் கண்ணில் படாமல் போகும். அலுவலகக் கை கழுவும் இடத்தில் வருகிறவன் எல்லாம் ஒரே கிண்டலைச் சொல்ல, இவர் முகம் படிப்படியாகக் கறுக்கிறதே, அதைப் பாருங்கள்.

புரொஜெக்டர்_அறை

பார்ப்பது பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் இணையத்தில் கிடக்கும் பிரதிகள் பலவும் குளறுபடி.

வேகம்: படம் சுமார் 8,500 அடி. ஓர் அடிக்கு 16 பிரேம். விநாடிக்கு 24 பிரேமில் ஓட்டினால் நிமிடத்துக்கு 90 அடி, மொத்தம் ஏறக்குறைய 94 நிமிடம். 22இல் ஓட்டினால் 103 நிமிடம். உங்கள் பிரதி 90க்குக் கீழே இருந்தால் ஏதோ வெட்டு இருக்கிறது. 125ஐத் தாண்டினால் யாரோ 18 பிரேமில் மாற்றியிருக்கிறார்கள், ‘மௌனப்படம் என்றால் மெதுவாகத்தான்’ என்ற நினைப்பில். அதில் எல்லோரும் நீருக்கடியில் நடப்பது போல் இருக்கும். 1927 வாக்கில் அரங்குகள் 24ஐ ஒட்டி, சில இடங்களில் அதற்கு மேலும்தான் ஓட்டின.

ஓரம்: மௌனப்படப் பிரேம் அகலம். பேசும்படக் காலத்தில் எடுத்த பிரதிகளில் இடது ஓரம் ஒலித்தடத்துக்குப் பறிபோயிருக்கும். சோதிக்கச் சுலபவழி, மாடிப்படிக் காட்சியை நிறுத்திப் பாருங்கள். இரண்டு பக்கச் சுவரும் சமமாகக் குவிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நறுக்கினது போல் இருந்தால் அந்தப் பிரதி வேண்டாம்.

இசை: 1981இல் மௌனப்படங்களை மீட்டெடுத்த கெவின் பிரவுன்லோ, டேவிட் கில் இருவரும் லண்டனில் உயிர்ப்பித்தபோது கார்ல் டேவிஸ் இசையமைத்தார். கிடைத்தால் அதோடு பாருங்கள். யாரோ கண்டபடி பியானோ ஒட்டிய பிரதியானால் ஒலியை நிறுத்திவிடுவது நல்லது. விபத்துக் காட்சியில் துள்ளல் இசை ஓடுகிற பிரதி ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது, ஜாக்கிரதை.

அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டின் முதல் 25 படங்களில், 1989இல், இதுவும் ஒன்று. 2024 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பதிப்புரிமை நீங்கிப் பொதுச்சொத்தும் ஆகிவிட்டது. இனி பிரதிகள் பெருகும். நல்லவையும் பெருகும் என்று எதிர்பார்க்கலாம்.

புதுரசிகை

லென்ஸ்மூடி அண்ணா சொன்னபடி அட்டையில் 1:24 கட்டடம் செய்து போனில் எடுத்தேன். ஏறுவது போலவே இருக்கிறது, ஆனால் ஜன்னல் பக்கம் வரும்போது அட்டைப்பெட்டி என்று தெரிந்துவிடுகிறது. விளக்கு மொட்டைமாடிப் பக்கம்தான். போக்கஸும் சரி.

லென்ஸ்மூடி

ஜன்னல் சட்டத்துக்கு என்ன தடிமன் விட்டீங்க? அட்டை 3 மில்லிமீட்டர்னா நிஜத்துல 7 சென்டிமீட்டர்தான். அந்தக் காலக் கல்கட்டடச் சுவர் ஒன்றரை அடியாவது இருக்கும், உங்க அளவுல 19 மில்லிமீட்டர். ஜன்னல் ஓட்டைக்கு உள்பக்கமா முக்கால் அங்குல அட்டைப்பட்டை நாலு பக்கமும் ஒட்டுங்க, சாய்வு வெளிச்சத்துல அதோட நிழல் கண்ணாடி மேல விழணும். அப்புறம் அந்த ஜன்னலுக்குள்ள என்ன வெச்சிருக்கீங்க?

புதுரசிகை

கறுப்புத் தாள்.

நெகட்டிவ்

மேலே என் பதிவைப் படிக்கவில்லை.